அடைத்து வைப்பதா, இறக்கி விடுவதா, வடிகட்டி ஏற்றுவதா? பெருந்தொற்றுக் காலத்தில் உல்லாசக் கப்பல் ஊழியருக்கான விதிகள்

2020 பிப்ரவரி 5ஆம் தேதி, யோகஹாமா துறைமுகத்தில் கொரோனா தொற்றோடு நின்ற டைமண்ட் பிரின்சஸ் உல்லாசக் கப்பலின் பயணிகளை அறையை விட்டு வெளியே வரவேண்டாம் என்று ஜப்பான் அரசு சொல்லிவிட்டது. கப்பலில் மொத்தம் 3,711 பேர். 2,666 பேர் பயணிகள், 1,045 பேர் ஊழியர்கள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போகவேண்டும், மாத்திரை போகவேண்டும், துண்டும் விரிப்பும் போகவேண்டும். அதையெல்லாம் சுமந்துகொண்டு கதவு கதவாகப் போய்த் தட்டியவர்கள் ஊழியர்கள்தான். வேலை முடிந்ததும் அவர்கள் பகிர்ந்து தங்கும் அறைக்குப் போய்ப் படுத்தார்கள். ஊழியர் மெஸ்ஸில் கூடிச் சாப்பிட்டார்கள். ஒரே கப்பலில் சாப்பிடுகிறவருக்கு ஒரு சட்டம், பரிமாறுகிறவருக்கு வேறொரு சட்டம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டரை ஆண்டுகளில் துறைமுகங்களும் அரசுகளும் ஊழியர் விஷயத்தில் பல வகை விதிகளைப் போட்டுப் பார்த்துவிட்டன. ஒவ்வொன்றும் எங்கே போய் நின்றது என்பது இப்போது தெரியும். அடுத்த முறை மூச்சு வழிப் பரவும் ஒரு நோய் வந்தால் எதை எடுப்பது, எதைக் கைவிடுவது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. நமக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. டைமண்ட் பிரின்சஸில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு ‘கப்பலுக்குப் போகிற’ பிள்ளைகள் நம் ஊர்களில் நிறையவே உண்டு.

எந்த விதியை எடுத்துக்கொண்டாலும் இரண்டு கேள்விகளை வைத்தே அதை எடை போடலாம் என்பது என் கட்சி. இந்த விதியின் கீழ் ஊழியர் எங்கே படுக்கிறார்? தொண்டை வலிக்கிறது என்று அவர் வாய் திறந்து சொன்னால் அவருடைய வருமானம் என்ன ஆகும்? முகக்கவசம், கைகழுவும் திரவம், தரையில் ஒட்டிய வட்டங்கள் எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

முதலில் அந்த அறையைப் பார்த்துவிடுவோம்

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல்காரர்கள் எம்.எல்.சி. என்று சொல்வது, 2006இல் உருவாகி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது. சரக்குக் கப்பலில் ஆளுக்கு ஓர் அறை என்பதே அதன் பொது விதி. பயணிகள் கப்பலுக்கு மட்டும் தளர்வு: அதிகாரி அல்லாத ஊழியர் இருவர் தங்கினால் குறைந்தது 7.5 சதுர மீட்டர், மூவர் என்றால் 11.5, நால்வர் என்றால் 14.5.

7.5 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் எண்பது சதுர அடி. அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பங்க் படுக்கை, ஆளுக்கொரு குறுகிய அலமாரி, ஒரு மேசை. ஒருவர் கீழே நின்று சட்டை மாற்றினால் மற்றவர் படுக்கையிலேயே இருக்கவேண்டும். ஒவ்வொரு பங்க் படுக்கைக்கும் ஒரு திரை உண்டு. ‘தனிமை’ என்றால் அந்தத் திரைதான். ஜன்னல் கிடையாது, பல அறைகள் நீர்மட்டத்துக்குக் கீழே. பகல் ஷிப்ட்காரரும் இரவு ஷிப்ட்காரரும் ஒரே அறையில் மாறி மாறித் தூங்குவது சாதாரணம். அறையை விட்டு வெளியே வந்தால் கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும் ஊழியர் நடைபாதை. பல கப்பல்களில் அதை ஐ-95 என்று அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். லாண்டரி வண்டி, காய்கறிப் பெட்டி, குப்பை வண்டி, சீருடையோடு ஓடும் ஆட்கள் எல்லாம் அந்த ஒரே பாதையில்தான். இந்த இடத்தில் ‘ஆறடி இடைவெளி’ என்று சுவரில் ஒட்டுவது யாருக்காக என்று தெரியவில்லை.

வேலை வாங்கிக்கொண்டே தனிமைப்படுத்துவது

யோகஹாமா முறை இதுதான். பயணி அறைக்குள், ஊழியர் வேலையில். விளைவை அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் அப்போதே பதிவு செய்தார்கள். பிப்ரவரி 9 வரை தொற்று உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். 16 பேரின் அறைகள் மூன்றாம் தளத்தில், அதாவது உணவுப் பிரிவினர் தங்கும் தளத்தில். நோய் சமையலறையில் பரவியதா, அறையில் பரவியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டு இடத்திலும் அதே ஆட்கள்தானே.

கடைசிக் கணக்கில் 712 பேருக்குத் தொற்று: பயணிகள் 567, ஊழியர்கள் 145. விகிதமாகப் பார்த்தால் பயணிகளில் 21 சதவீதம், ஊழியர்களில் 14. இதைக் காட்டி ‘ஊழியர்களுக்கு ஒன்றும் பெரிதாக ஆகவில்லையே’ என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் ஏமாற்றும். பயணிகளில் பெரும்பகுதியினர் அறையில் அடைக்கப்படுமுன்னரே தொற்றை வாங்கியிருந்தார்கள். தனிமைப்படுத்திய பிறகு அவர்கள் பக்கம் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். குறையாமல் தொடர்ந்தது ஊழியர் பக்கம்தான். கப்பலை விட்டு இறங்குவதிலும் அவர்களே கடைசி. பயணிகள் பிப்ரவரி 19 முதல் இறங்கினார்கள். ஊழியர்கள் இறங்கி முடிய மார்ச் 1 ஆகிவிட்டது. இந்திய ஊழியர்கள் சிலர் எங்களைக் காப்பாற்றுங்கள் என்று போனில் வீடியோ எடுத்துப் போட்ட பிறகே இந்த ஊழியர்கள் இருப்பது பலருக்கு உறைத்தது. பிப்ரவரி 27 அன்று ஏர் இந்தியா விமானம் 119 இந்தியர்களையும் ஐந்து வெளிநாட்டவரையும் டில்லிக்குக் கொண்டுவந்தது. மானேசரில் ராணுவ முகாமில் 14 நாள் வைத்திருந்தார்கள்.

நான் போட்ட முதல் கேள்வியிலேயே இந்த முறை தோற்றுவிடுகிறது. பயணியைக் காப்பாற்ற ஊழியரைத் தடுப்புச் சுவராக்கும் விதி இது. அந்தச் சுவரே நோயைக் கடத்தவும் செய்கிறது. ஜப்பானுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மூவாயிரத்து எழுநூறு பேரை ஒரே நாளில் இறக்கிவைக்க இடம் இல்லாதபோது வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வெளியிலிருந்து பொட்டலச் சாப்பாடு வரவழைத்து, பாதுகாப்பு உடை போட்ட ஆட்களை வைத்து விநியோகித்து, காலியான பயணி அறைகளில் ஊழியர்களைப் பிரித்துப் போட்டிருந்தால் என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது.

பயணி இல்லாத கப்பலில் ஊழியரை நிறுத்திவைப்பது

இதுதான் அதிகம் பேரைத் தொட்டது, அதிக நாள் நீண்டது, அதிகம் விவாதிக்கப்படாததும் இதுவே. 2020 மார்ச் 14 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயணத் தடை உத்தரவு போட்டது. பயணிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏப்ரல் 9ஆம் தேதி உத்தரவை நீட்டித்தபோது, அமெரிக்கக் கரைகளை ஒட்டி ஏறத்தாழ 100 கப்பல்களில் 80,000 ஊழியர்கள் கடலில் நின்றுகொண்டிருந்தார்கள் என்று அந்த மையமே எழுதியது. ஒரு நடுத்தர நகராட்சியின் மக்கள்தொகை அது.

விதிகள் தாளில் நன்றாகவே இருந்தன. கூட்டம் கூடக்கூடாது, ஊழியர் பார், ஜிம் மூடவேண்டும், முடிந்தவரை எல்லோரையும் தனிக் கழிவறையுள்ள ஒற்றை அறைக்கு மாற்றவேண்டும், சாப்பாடு அறைக்கே போகவேண்டும். பயணி இல்லாத கப்பலில் ஆயிரத்துக்கும் மேல் அறைகள் காலி. இரண்டாள் பங்க் அறையிலிருந்து பால்கனி அறைக்கு மாறிய ஊழியர்கள் முதல் வாரம் செல்ஃபி போட்டார்கள், நினைவிருக்கலாம். தொற்றைத் தடுக்கும் பார்வையில் இது சரியான விதி. நாகசாகியில் பழுதுபார்க்க நின்ற கோஸ்டா அட்லாண்டிகாவைப் பாருங்கள். பயணி ஒருவரும் இல்லை, ஊழியர்கள் 623 பேர். ஏப்ரலில் சோதித்துப் பார்த்தால் ஏறத்தாழ 150 பேருக்குத் தொற்று. பயணி இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணத்தை அந்த ஒரு கப்பல் உடைத்துவிட்டது.

சிக்கல் இறங்கும் விதியில் வந்தது. ஊழியரைக் கரையில் இறக்கவேண்டுமானால் பயணிகள் விமானத்தில் ஏற்றக்கூடாது, ஹோட்டலில் தங்கவைக்கக்கூடாது, டாக்சியோ பஸ்ஸோ கூடாது. கப்பலிலிருந்து தனி வண்டி, தனி விமானம். இதையெல்லாம் கடைப்பிடிப்போம் என்று கம்பெனியின் தலைமை அதிகாரி, விதிமுறை இணக்க அதிகாரி, தலைமை மருத்துவர் மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். மீறினால் குற்ற வழக்கு. கையெழுத்துப் போடக் கம்பெனிகள் தயங்கின. தனி விமானம் என்றால் காசு, கையெழுத்து என்றால் வழக்கு. நடுவில் சிக்கியவர் ஊழியர். அறிவியல் பார்வையில் அந்த நிபந்தனைகள் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவரைக் கரையேற்றும் செலவை அவரைக் கடலிலேயே வைத்திருக்க லாபம் உள்ளவரிடம் விட்டுவிட்டு, எவ்வளவு நாளுக்குள் என்று கெடு வைக்காததுதான் அந்த உத்தரவின் ஓட்டை.

கெடு இல்லாததால் வாரங்கள் மாதங்களாயின. காண்ட்ராக்ட் முடிந்தவர்களுக்குப் பல கம்பெனிகளில் சாப்பாடும் அறையும் மட்டும், சம்பளம் இல்லை. மே மாதம் மயாமி அருகே நின்ற ஒரு கப்பலில் ருமேனிய ஊழியர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே மாதத்தில் வெவ்வேறு கப்பல்களில் ஊழியர்கள் சிலர் இறந்தார்கள். தற்கொலை என்று சந்தேகிக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. தொற்று எண்ணிக்கை அட்டவணையில் இவர்கள் வரமாட்டார்கள். ஒரு பொதுச் சுகாதார விதியை ஒப்பிடும்போது அது தடுத்த நோயை மட்டும் எண்ணி, அது உண்டாக்கிய கேட்டை எண்ணாமல் விடுவது கணக்கில் மோசடி.

அடைத்து வைத்தும் நோய் நிற்கவில்லை என்பது வேறு. அந்த ஆண்டு மார்ச் 1 முதல் ஜூலை 10 வரை அமெரிக்க எல்லைக்குட்பட்ட கப்பல்களில் தொற்றோ அதன் அறிகுறியோ கண்டவர்கள் 2,973 பேர், இறப்பு 34 என்று மையம் கணக்குக் கொடுத்தது. 123 கப்பல்களில் 99 முறை நோய் கிளம்பியிருந்தது. பயணத் தடைக்கு முந்தைய இரண்டு வாரமும் இதில் அடக்கம்தான். ஆனாலும் ஒற்றை அறை என்ற விதியைத் தாமதமாகவோ அரைகுறையாகவோ செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த எண்கள் சாட்சி. பிறகு மையம் கப்பல்களுக்கு நிறம் கொடுத்தது. 28 நாள் தொடர்ந்து தொற்றில்லாமல் இருந்தால் பச்சை. பச்சைக் கப்பலின் ஊழியர்கள் சாதாரண விமானத்திலும் போகலாம். இந்தத் தளர்வை முதலிலேயே கொண்டுவந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

கரையேற்றுவது

‘இறக்கிவிடு’ என்று சொல்வது சுலபம். எந்த நாட்டில், யார் செலவில், எந்த அறையில் என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 25 ஊரடங்கோடு கப்பல்காரர்களுக்கும் கதவு அடைபட்டது. மரெல்லா டிஸ்கவரி என்ற கப்பல் ஏறத்தாழ 145 இந்திய ஊழியர்களோடு மும்பைக்கு வெளியே காத்து நின்றது. சொந்த நாட்டின் கரை கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க முடியவில்லை. ஏப்ரல் 21 அன்று உள்துறை அமைச்சகம் இந்தியக் கப்பல் ஊழியர்கள் இந்தியத் துறைமுகங்களில் சைன் ஆன் (வேலையில் ஏறுவது), சைன் ஆஃப் (வேலை முடித்து இறங்குவது) செய்ய வழிமுறை வெளியிட்டது: கடந்த 28 நாள் பயண விவரம், துறைமுக சுகாதார அதிகாரியின் பரிசோதனை, முடிவு வரும்வரை தனி இடம், ஊர் போய்ச்சேர அனுமதிச் சீட்டு. இரண்டு நாளில், 23ஆம் தேதி, அவர்கள் மும்பையில் இறங்கினார்கள். இத்தனைக்கும் அந்த வழிமுறை நாலைந்து பக்கத்தில் முடிகிற சமாச்சாரம். நான்கு வாரம் முன்னால் எழுதியிருக்கலாம்.

பிலிப்பைன்ஸ் வேறு பாடம் சொல்கிறது. அங்கே வாசலை அடைக்கவில்லை. ஆனால் மணிலா விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட உல்லாசக் கப்பல்கள் வந்து நங்கூரமிட்டபோது, ஒவ்வொருவருக்கும் பரிசோதனை முடிவு வந்தால்தான் வீடு என்ற விதிக்கு ஆய்வகம் ஈடுகொடுக்கவில்லை. முடிவு வர நாளானது. கரையில் தனிமை விடுதிகள் நிரம்பி வழிந்தன. வெளிநாட்டிலிருந்து திரும்பித் தேங்கிக் கிடந்த சுமார் 24,000 தொழிலாளர்களை ஒரு வாரத்துக்குள் ஊருக்கு அனுப்பச் சொல்லி மே கடைசியில் அதிபர் டுட்டெர்தேவே உத்தரவு போடவேண்டி வந்தது. ஆய்வகத் திறன் என்னவோ அதுதான் விதியின் வேகம்.

ஜெர்மனியில் குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் பல கப்பல்களின் ஊழியர்களை மைன் ஷிஃப் 3 என்ற ஒரே கப்பலில் திரட்டி அங்கிருந்து ஊருக்கு அனுப்பத் திட்டமிட்டார்கள். ஏறத்தாழ 2,900 பேர். அனைவரையும் சோதித்ததில் 9 பேருக்குத் தொற்று. ஒன்பது பேருக்காக மற்ற அத்தனை பேரும் நின்றார்கள். பல கப்பலின் ஆட்களை ஒன்றாகச் சேர்ப்பது நிர்வாகத்துக்கு வசதி, நோய்க்கும் வசதி. கார்னிவல் கம்பெனி தேர்ந்த வழி எனக்கு இதைவிடப் பிடித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை விமானத்துக்குக் காத்திருக்காமல் ஒன்பது கப்பல்களில் நாடுவாரியாகப் பிரித்து ஏற்றி, கப்பலையே ஊர்களுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மெதுவான வழிதான். ஆனால் கடலில் போகும் நாட்களே தனிமை நாட்களாகவும் ஆகிவிடுகின்றன.

வடிகட்டி ஏற்றுவது

கப்பல் ஓடவேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் கதை மாறுகிறது. இப்போது கேள்வி, புதிதாக வரும் ஊழியரை எப்படி ஏற்றுவது.

நார்வேயின் ஹர்டிகுருட்டன் கம்பெனி 2020 ஜூலையில் ரோல்ட் அமுன்ட்சன் கப்பலை ஓட்டத் தொடங்கியது. உலகிலேயே முதலில் மீண்டும் ஓடிய சிலவற்றில் ஒன்று. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஊழியர்கள் உரிய தனிமைக் காலம் இல்லாமலே வேலையில் இறங்கினார்கள். ஜூலை 31 அன்று டிராம்சோ நகரில் நான்கு ஊழியர்கள் மருத்துவமனைக்குப் போக, 158 ஊழியர்களையும் சோதித்தார்கள். முதல் சோதனையிலேயே 36 பேருக்குத் தொற்று. பயணிகளுக்கும் போயிருந்தது. நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் ஆளிறக்கவே நார்வே அரசு தடை போட்டது. ஒரு கம்பெனி மிச்சம் பிடித்த அந்தத் தனிமை நாட்களால் ஒரு நாட்டுக் கடற்கரையே மூடிக்கிடந்தது.

நவம்பரில் சீட்ரீம் 1 வேறு விதமாகச் சறுக்கியது. பார்படாஸிலிருந்து கிளம்பிய சின்னக் கப்பல். பயணிகள் 53 பேர், ஊழியர்கள் 66 பேர். எல்லாப் பயணிகளும் ஏறுமுன் சோதிக்கப்பட்டவர்கள். அப்படியும் தொற்று உள்ளே வந்தது. ஏழு பயணிகள், இரண்டு ஊழியர்கள். சோதனை என்பது அன்றைய நாளின் படம் மட்டுமே. நேற்று தொற்றியவர் இன்று ‘நெகட்டிவ்’.

இதே சமயத்தில் சிங்கப்பூர் நவம்பர் 6 முதல் வேர்ல்ட் டிரீம் கப்பலைப் பாதிப் பயணிகளோடு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சுற்றி வரும் பயணமாக அனுமதித்தது. பயணிக்கு ஏறுமுன் ஒரு சோதனை. ஊழியருக்கோ வேலையில் சேருமுன்னரே நீண்ட தனிமை, சோதனைகள், பிறகு வேலை செய்யும்போதும் குறித்த இடைவெளியில் சோதனை. இத்தாலியில் ஆகஸ்ட் 16 அன்று ஜெனோவாவிலிருந்து கிளம்பிய எம்.எஸ்.சி. கிராண்டியோசாவும் ஏறத்தாழ இதே வழி. ஊரில் கிளம்புமுன் ஒன்று, கப்பலில் சேரும்போது ஒன்று, தனிமை முடிந்து ஒன்று என ஊழியருக்குப் படிப்படியான சோதனை. அந்தக் கப்பலில் குழுச் சுற்றுலாவை விட்டுத் தனியே நழுவிய ஒரு குடும்பத்தை மறுபடி ஏற்ற மறுத்தார்கள். பத்திரிகைகள் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன. கப்பலைக் காப்பாற்றியது அந்தக் கண்டிப்பைவிட ஊழியரின் தனிமைக் காலம்தான் என்பது என் எண்ணம். பயணி ஒரு வாரத்தில் இறங்கிவிடுவார், ஊழியர் ஆறேழு மாதம் அங்கேயே இருக்கிறார். ஒரு பயணியிடமிருந்து அடுத்த வாரப் பயணிக்கு நோயைக் கொண்டுபோகும் பாலம் ஊழியர் மட்டுமே.

ஆகவே வடிகட்டும் முறையில், சேருமுன் தனிமை என்ற ஒன்றை விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் வெறும் சடங்கு. ஆனால் இந்த முறையோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு விதி எனக்கு உடன்பாடில்லை: ஷோர் லீவ், அதாவது ஊழியர் துறைமுகத்தில் இறங்கி வெளியே போய்வரும் ஓய்வு, அதற்குத் தடை. பயணி கும்பலாக இறங்கி ஊர் சுற்றிவிட்டு வரலாம், அவருக்குக் காப்பி கொடுத்த ஊழியர் கப்பலிலிருந்து இறங்கும் பாலமான கேங்வேயைத் தாண்டி சிம் கார்டு வாங்கக்கூடப் போகக்கூடாது. தடுப்பூசிக்கு முந்தைய மாதங்களில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. பயணி வெளியே போய்வரும் கப்பலில் ஊழியரை மட்டும் நிறுத்துவதால் எந்தக் கிருமியும் நிற்கப்போவதில்லை.

தடுப்பூசிக் கட்டாயம்

2021 கோடையில் அமெரிக்காவில் கப்பல்கள் திரும்பவும் ஓடியது இதன் பலத்தில்தான். ஊழியரில் 98 சதவீதமும் பயணிகளில் 95 சதவீதமும் போட்டிருந்தால் ஒத்திகைப் பயணம் தேவையில்லை என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. ஜூன் 26 அன்று செலிப்ரிட்டி எட்ஜ் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பியது. பயணிகளிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கக்கூடாது என்று ஃபுளோரிடா மாநிலம் நீதிமன்றத்திலும் வாதாடியது. ஊழியர் தடுப்பூசி பற்றி அப்படி ஒரு வழக்கு என் காதில் விழவில்லை. ஊழியருக்கு வாக்குச்சீட்டு இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒடிசி ஆஃப் தி சீஸ் உதாரணம். 1,400 ஊழியர்களுக்கும் ஜூன் 4 அன்று ஊசி. ஜூன் 18க்குப் பிறகுதான் முழுப் பாதுகாப்பு என்று கணக்கு. அந்த இடைவெளியில் எட்டுப் பேருக்குத் தொற்று. ஆறு பேருக்கு அறிகுறியே இல்லை. ஜூலை 3 அன்று தொடங்கவேண்டிய பயணம் ஜூலை 31க்குத் தள்ளிப்போனது. இரண்டு வாரப் பொறுமை நான்கு வார நஷ்டத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

நம் பக்கத்து ஊழியர்களுக்கு இந்த விதி வேறு விதமாகக் கடித்தது. வேலைக்குக் கூப்பிட்ட நேரம் இந்தியாவில் இரண்டாம் அலை. கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு 12 முதல் 16 வாரம் காத்திருக்கவேண்டும் என்று மே மாதம் விதி மாறியது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு 28 நாளில் போடலாம் என்று ஜூனில் தளர்த்தினார்கள். கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் அதை நவம்பர் 3 அன்றுதான் அங்கீகரித்தது. அதுவரை கையில் சான்றிதழ் இருந்தும் பல இடங்களில் செல்லாக்காசு. ‘தடுப்பூசி போட்டவரை மட்டும் எடுப்போம்’ என்கிற விதி, எந்த ஊசி, யார் போடுவது, எங்கே போடுவது என்று சொல்லாவிட்டால் அது சுகாதார விதியாக இல்லாமல் ஆட்சேர்ப்பு வடிகட்டியாகிவிடும். கப்பலிலேயே, கம்பெனி செலவில் போட்ட இடங்களில் இந்தத் தொல்லை எழவில்லை.

ஒமிக்ரான் வந்ததும் தடுப்பூசிக் கப்பல்களிலும் தொற்று பாய்ந்தது. 2021 டிசம்பர் 15 முதல் 29 வரை அமெரிக்கக் கணக்கில் வந்த கப்பல்களில் 5,013 பேர். அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் வெறும் 162. உயிருக்கு ஆபத்தானவர்கள் குறைவு. அதுதான் ஊசி செய்த வேலை. ஆனால் தனிமை அறைகள் போதவில்லை, பரிமாற ஆளில்லை, பயணங்கள் ரத்தாயின. அதே நாட்களில் மும்பையிலிருந்து கோவா போன கார்டீலியா கப்பலில் ஓர் ஊழியருக்குத் தொற்று தெரிய, சுமார் இரண்டாயிரம் பேரைச் சோதித்து 66 பேரைக் கண்டுபிடித்து, கப்பலை மும்பைக்கே திருப்பி அனுப்பினார்கள். தடுப்பூசி இருந்தாலும் காலி அறை வேண்டும்.

சம்பளம் என்ற சுகாதார விதி

உல்லாசக் கப்பல்களில் வயிற்றுப்போக்கு நோய்களுக்கான அமெரிக்க விதி பல காலமாக இருக்கிறது: உணவைத் தொடும் ஊழியருக்கு அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம் வேலை கிடையாது, மற்றவர்களுக்கு 24 மணி நேரம். நல்ல விதி. ஆனால் பரிமாறுகிறவர், அறை சுத்தம் செய்கிறவர் வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸும் சேவைக் கட்டணமும். அடிப்படைச் சம்பளம் ஓடினாலும் அறையில் கிடக்கும் நாளுக்கு அந்தப் பங்கு போய்விடும். வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பவேண்டியவர் இருமலை விழுங்கிக்கொண்டு தட்டைத் தூக்குவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எம்.எல்.சி. நோயுற்றவருக்குச் சம்பளம் உறுதி செய்கிறது. நோய் இல்லாமல், தொடர்பில் இருந்ததால் மட்டும் தனிமையில் வைக்கப்பட்டவர் நிலை அவ்வளவு தெளிவாக இல்லை. பெருந்தொற்றில் பெரும்பாலானோர் இந்த இரண்டாம் வகைதான்.

நான் எதை எடுப்பேன்

கப்பல் நிற்கும்போதும் ஓடும்போதும் ஒரே விதி செல்லாது.

நிற்கும் கப்பலுக்கு: பயணிகள் இறங்கிய அன்றே எல்லா ஊழியரும் ஒற்றை அறைக்கு. இதற்குக் காசும் இல்லை, தாமதிக்கக் காரணமும் இல்லை. கப்பலைப் பராமரிக்கத் தேவையான சிறு குழுவைத் தவிர மற்றவர்கள் அந்த நோயின் அடைகாப்புக் காலம் (தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை ஆகும் நாட்கள்) முடிந்ததும் கரையேற வேண்டும். கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் முழுச் சம்பளம் கம்பெனி கணக்கில். அமெரிக்க உத்தரவின் கண்டிப்பும் மும்பை வழிமுறையின் எளிமையும் சேர்ந்தால் இது வரும். ஏற்றுக்கொள்ளும் நாடு தன் ஆய்வகத்தின் தினசரித் திறனை முன்கூட்டியே சொல்லிவிட்டால், கப்பல்கள் மணிலாவில் போலக் குவியாமல் வரிசை பிரித்து வரலாம்.

ஓடும் கப்பலுக்கு: சிங்கப்பூர் முறைத் தனிமை, கப்பல் கம்பெனி செலவில் தடுப்பூசி, வாராந்தரச் சோதனை, ஊழியருக்கென ஒதுக்கிய காலி அறைகள். அமெரிக்காவில் பயணிகள் திரும்பியபோது ஊழியர்கள் மறுபடி கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். என்னைக் கேட்டால் ஒரு பயணித் தளம் முழுவதையும் ஊழியருக்கு விட்டுவிட்டுத்தான் டிக்கெட் விற்கவேண்டும். லாபம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். பாதி டிக்கெட் மட்டும் விற்க ஒப்புக்கொண்ட கம்பெனிகள் சிங்கப்பூரில் ஓடத்தானே செய்தன. தனிமையில் இருக்கும் நாட்களுக்கு டிப்ஸ் சராசரியும் சேர்ந்த சம்பளம். இந்தக் கடைசி வரியைக் கம்பெனிகள்தான் முதலில் அடிக்கப் பார்க்கும்.

நம் துறைமுகங்களுக்கு இதில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்திலும் கப்பல் சுகாதாரத்துக்கு நாம் கைகாட்டியது 1955ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுக சுகாதார விதிகளை. நோய்க் கப்பல் வந்தால் மஞ்சள் கொடி, சோதனை, அனுமதி என்பதெல்லாம் அதில் உண்டு. எழுநூறு, எண்ணூறு ஊழியர்களோடு ஒரு கப்பல் சென்னைக்கு வெளியே நின்றால் அவர்களை எந்தக் கட்டடத்தில், யார் செலவில், எத்தனை நாளுக்குள் இறக்குவது என்பதற்குத் துறைமுகம், மாநில சுகாதாரத் துறை, கப்பல் ஏஜென்ட் மூவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். சுங்க அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு உல்லாசக் கப்பல் கம்பெனியிடமும் அந்தத் தாளை இப்போதே, நோய் எதுவும் இல்லாதபோதே, நிபந்தனையாகக் கேட்கலாம்.